முட்டைக்குள் கேட்ட குரல்

முட்டைகளுக்குக் கலைமதியின் குரல் பிடிக்கவில்லை.

ஆய்வகத் திரையில் அது கோடாகத் தெரிந்தது. முட்டைக்குள் துடித்துக்கொண்டிருந்த கடுகளவு இதயத்தின் துடிப்பை ஒரு கருவி வாங்கித் திரையில் வரைந்துகொண்டிருந்தது. கலைமதி மைக்கின் முன் உட்கார்ந்து, கொடுத்த வாசகத்தைப் படிக்கத் தொடங்கியதும் கோடு நெருக்கியடித்துக்கொண்டு குதித்தது. அவள் நிறுத்தியதும் ஆறியது.

"இன்னொரு தடவ படிக்கட்டுங்களா? காலையில பனியில நடந்து வந்தேன். தொண்டை சரியில்ல."

"போதுங்க. எல்லா முட்டையிலயும் அப்படித்தான் வருது," என்றார் டாக்டர் ஷப்னம். அவர் வாணியம்பாடிக்காரர். பறவைகளின் செவியை ஆராய்பவர். யாரையும் புண்படுத்த மனம் வராதவர் என்பதால் வார்த்தையைத் தேடினார். "உங்க குரல்ல ஒரு அவசரம் இருக்கு. குஞ்சு கொஞ்சம் பயப்படுது. அவ்வளவுதான்."

மலையூரான கோடாங்கலில் சிரிப்பான் குருவியைப் பற்றி யாருக்கு என்ன தெரிய வேண்டுமென்றாலும் கலைமதியிடம்தான் வருவார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்தாள். கல்லாவுக்குப் பின்னால் இருமல் மருந்துகளுக்கு நடுவே ஒரு பைனாகுலர் தொங்கும். ஊரில் பறவை பார்ப்போர் சங்கத்தை ஆரம்பித்தவள் அவள்தான். ஈரச்சோலைக்குக் குறுக்கே கம்பிவடம் இழுத்துச் சுற்றுலாப் பெட்டிகளை ஓடவிட ஒரு நிறுவனம் வந்தபோது, பூண்டு விவசாயிகளை வீடு வீடாகப் போய்த் திரட்டி, சாலையில் உட்கார்ந்து, போலீசிடம் அடி வாங்கி, அதைத் திருப்பி அனுப்பியவளும் அவள்தான். அந்தச் சோலையின் புதர்களுக்குள் கூட்டமாக இருந்துகொண்டு, யாரோ கிச்சுகிச்சு மூட்டியதுபோலச் சிரிக்கும் வெள்ளைப் புருவக் குருவிக்காகத்தான் அவ்வளவும்.

அந்தச் சோலை இப்போது காய்ந்துகொண்டிருந்தது. மலை சூடேறச் சூடேற மேகம் இன்னும் உயரத்துக்குப் போய்விட்டது. மரங்களின் மேல் மெத்தைபோல இருந்த பாசி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அடுத்த முகட்டில், வட்டப்பாறையில், தைலமரங்களை அகற்றிவிட்டு ஊரார் நட்டு வளர்த்த புதுச்சோலை ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் இடையில் பள்ளத்தாக்கு முழுக்கக் காரட்டும் பூண்டும் விளைந்த வெட்டவெளி. அதைச் சிரிப்பான் தானாகத் தாண்டாது. பிடித்துக்கொண்டு போய் விட்டும் பார்த்தார்கள். பழக்கமில்லாத காட்டில் அவை ஒரு கிளையில் ஒடுங்கி உட்கார்ந்து, இரை எடுக்காமல் செத்தன.

டாக்டர் ஷப்னம் வந்தது அதற்குப் பிறகுதான். சங்கத்துக் கூட்டத்தில் அவர் விளக்கினார்.

"முட்டைக்குள்ள இருக்கும்போதே குஞ்சுக்குக் காது திறந்துரும். அந்தக் கடைசி நாட்கள்ல ஒரு குரலக் கேக்க வச்சு, கூடவே முட்டைக்கு ஒரு மெல்லிய அதிர்வு கொடுத்தா, அந்தக் குரல் இருக்கிற இடம்தான் வீடுன்னு மூளையில பதிஞ்சுரும். சாகுறவரைக்கும் அழியாது. அந்தக் குரல வட்டப்பாறை மரங்கள்ல ஒலிக்க விட்டா, குஞ்சுங்க அங்கயே தங்கிரும்."

"குருவிச் சத்தத்தையே போடலாமே மேடம், மனுசக் குரல் எதுக்கு?" என்று கேட்டான் கலைமதியின் கணவன் பிரபு.

"குருவிச் சத்தம் ஈரச்சோலையிலயும் கேக்குமே. அங்க திரும்பிப் போயிரும். மெஷின்ல செஞ்ச குரலும் போட்டுப் பாத்தோம். முட்டை அதக் காத்துச் சத்தம் மாதிரி விட்டுருது. இந்தக் காட்டுல வேற எங்கயும் இல்லாத, உயிருள்ள ஒரு குரல் வேணும்."

அந்தக் குரலுக்கு உரியவரும் இதே மலையில்தான் வாழ்ந்தாக வேண்டும் என்பது அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. கலைமதிக்குத் தோன்றியதெல்லாம், அது தன் குரல் என்பதுதான். வேறு யாருடையதாக இருக்க முடியும்?

ஊரில் விருப்பப்பட்ட எல்லாரையும் படிக்க வைத்துப் பார்த்தார்கள். தர்ஷினியை அழைத்துவந்ததே கலைமதிதான், ஆள் போதவில்லை என்று.

தர்ஷினி அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் கோகுலின் மனைவி. ஒரே வீட்டை நடுச்சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டு இரு குடும்பங்களும் இருந்தன. தர்ஷினி ஊர் வானொலியில் அறிவிப்பாளர். எந்தப் பாதையில் பனிமூட்டம், எந்த வளைவில் மண்சரிவு, எந்த ஊருக்குப் பஸ் வரவில்லை என்று காலையும் மாலையும் சொல்வாள். தோட்டங்களில் களை எடுப்பவர்கள் கம்பத்தில் வானொலியை மாட்டிவைத்து அவள் பேசுவதைக் கேட்டபடி வேலை செய்தார்கள்.

அவள் மைக்கின் முன் உட்கார்ந்து, "வணக்கம், இது கோடாங்கல்," என்று ஆரம்பித்தாள். திரையில் கோடு தளர்ந்தது. இடைவெளி விட்டு, சீராக, தூங்குகிற குழந்தையின் மூச்சைப்போல ஓடியது. டாக்டர் ஷப்னம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இதுதான். இந்தக் குரல்தான்!"

தர்ஷினி பதறிப்போனாள். "ஐயோ மேடம், எனக்குக் குருவியப் பத்தி ஒண்ணும் தெரியாது. அக்காதான் எல்லாம். அக்கா குரலையே வைங்களேன்."

அவள் மனமாரத்தான் சொன்னாள். அதுதான் கலைமதிக்குத் தாங்கவில்லை. ஆசைப்பட்டுப் பிடுங்கியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வேண்டாம் என்பவளின் மடியில் போய் விழுந்ததை எந்த முறையில் திருப்பிக் கேட்பது?

"நல்லாத்தான் இருக்கு. நீயே படி," என்றாள் சிரித்துக்கொண்டு.

அன்று முதல் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தர்ஷினி பேசுவது ஒவ்வொன்றும் அவள் காதில் விழுந்தது. கோகுலிடம் ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்வதுகூட இனிமையாக இருந்தது. "பக்கத்துல இருந்துகிட்டே இருந்திருக்கு பாரு, இந்த மாதிரி ஒரு குரல்," என்று பிரபு ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். கலைமதி கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்ட வேகத்தில் அவன் சட்டையெல்லாம் தெறித்தது.

காடெல்லாம் அலைந்து, அட்டை ஏறிய கால்களோடு, முட்டையிருந்த கூடுகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது கலைமதி. அவற்றைக் கதகதப்பு குறையாமல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தது கலைமதி. அடைகாக்கும் அறையில் மதிய வேளைப் பொறுப்பும் அவளுக்குத்தான். சூடு, ஈரம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தட்டின் கீழும் இருந்த சிறு ஒலிபெருக்கியில் தர்ஷினியின் பதிவு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதாவது, மதியம் முழுக்க அந்தக் குரலைக் காவல் காக்க வேண்டும்.

ஒரு மதியம் மின்சாரம் போய் வந்தது. பதிவுகள் நின்றுவிட்டன. கலைமதி ஒவ்வொரு தட்டாக மறுபடி ஓடவிட்டுக்கொண்டே வந்து, கடைசித் தட்டின் முன் நின்றாள். விரலைப் பொத்தானில் வைத்தாள். அழுத்தவில்லை.

கதவைச் சாத்தினாள். முக்காலியை இழுத்துப் போட்டு, அந்தத் தட்டின் ஒலிபெருக்கியில் நேரடியாகப் பேசுவதற்கான மைக்கைத் திறந்தாள்.

கொஞ்சிப் பேச வேண்டும் என்றுதான் நினைத்தாள். கண்ணே, தங்கமே என்று ஆரம்பித்தாள். வாய் வரவில்லை. பிறகு வந்தது வேறு. தர்ஷினி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உள்ளே ஊறிக் கிடந்த எல்லாமும் வந்தது. தட்டின் திரையில் முட்டைகளின் கோடு முதலில் எகிறியது. அவள் நிறுத்தவில்லை. மறுநாளும் அந்தத் தட்டின் பதிவை நிறுத்திவிட்டு அதையே சொன்னாள். அதற்கடுத்த நாளும். எப்போது என்று தெரியவில்லை, கோடு தளர்ந்தது. அவள் குரல் அவற்றுக்குப் பழகிவிட்டது. முட்டைமேல் யாரும் கை வைக்கக் கூடாது என்ற விதியை மறந்து, கலைமதி ஒரு முட்டையை விரல்நுனியால் தொட்டாள்.

குஞ்சுகள் பொரிந்தன. மனித முகம் தெரியாமல் திரைக்குப் பின்னாலிருந்து இரை ஊட்டினார்கள். சிறகு முளைத்ததும் வட்டப்பாறைக்குக் கொண்டுபோனார்கள். ஊரே ஏறி வந்திருந்தது. மரங்களின் மேலிருந்து "வணக்கம், இது கோடாங்கல்" என்று கேட்டது. கூண்டைத் திறந்ததும் குருவிகள் நேராக அந்தக் குரலை நோக்கிப் பறந்தன. கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. பத்திரிகைக்காரர்கள் தர்ஷினியைப் பாறைமேல் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கலைமதி எல்லாருடைய சாப்பாட்டுப் பைகளையும் பார்த்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

கடைசித் தட்டுக் குஞ்சுகள் மட்டும் கூண்டு வாசலிலேயே தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடின. பிறகு மற்றவற்றோடு சேர்ந்து போய்விட்டன. அதைக் கவனித்தவள் அவள் ஒருத்தி.

பதினைந்து நாளைக்குள் முதல் குருவி செத்தது. மருந்தடித்த பீன்ஸ் தோட்டத்தில், வானொலி மாட்டிய கம்பத்தடியில் கிடந்தது. அப்புறம் இன்னொன்று. வட்டப்பாறையில் ஒலித்த குரல் வெறும் பதிவு. இங்கேயோ அதே குரல் காலையும் மாலையும் புதிதாகப் பேசிக்கொண்டிருந்தது. குருவிகள் வெட்டவெளியைப் பொருட்படுத்தாமல் கடந்து வந்தன. தர்ஷினி துணி காயப்போடும்போது கோகுலைக் கூப்பிட்டாள் என்று ஒரு குருவி கொல்லைக்கு வந்து அவள் தோளில் உட்கார்ந்தது. அவள் அதைக் கையில் ஏந்தியபடி அழுதாள்.

டாக்டர் ஷப்னம் தர்ஷினியின் வீட்டுக்கு வந்தார். வந்தவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படிக் கேக்கிறதுன்னு தெரியலம்மா," என்றார்.

"நான் பேசக் கூடாது. அதானே மேடம்?" என்றாள் தர்ஷினி.

"வெளியில பேச வேண்டாம். ரேடியோவுலயும். கிசுகிசுத்தா பரவாயில்ல, குருவிக்கு அடையாளம் தெரியாது. குரல் எடுத்துப் பேசாம இருக்கணும்."

"எவ்வளவு நாளைக்கு?" என்றான் கோகுல்.

"அதுங்க குஞ்சு பொரிச்சு, அந்தக் குஞ்சுங்க அங்கேயே வளர்ற வரைக்கும். சில வருஷம் ஆகலாம்."

அடுத்த நாள் காலை வானொலியில் வேறொருவர் பேசினார். சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. கலைமதி ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள் என்றே சொல்ல வேண்டும்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. பேசாத தர்ஷினி, பேசிய தர்ஷினியைவிடப் பெரியவளாகிப் போனாள். மலைக்காகக் குரலைக் கொடுத்தவள் என்றார்கள். அவள் கடைத்தெருவில் நடந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்தினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளிடம் பேசுவதற்காகக் கைச்சாடை கற்றுக்கொண்டார்கள். முதல் அறுவடைப் பேரிக்காய் அவள் வாசலுக்கு வந்தது. கடையில் மாத்திரை வாங்க வந்த ஒருத்தி கலைமதியிடமே, "ஒங்க ஓரகத்தி மாதிரி ஒரு மனசு யாருக்குக்கா வரும்?" என்று கேட்டாள்.

"சாப்பாட்டுக்குப் பின்னாடி ஒண்ணு போடு," என்றாள் கலைமதி.

மறுநாள் காலை, கடைக்கு வெளியே நின்று பால்காரரோடு அவள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தகரக் கூரைமேல் இரண்டு குருவிகள் வந்து இறங்கின. வெள்ளைப் புருவத்தோடு தலையைச் சாய்த்து அவளையே பார்த்தன.

கடைசித் தட்டுக் குஞ்சுகள் என்று அவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பேச்சு நின்றுவிட்டது. குருவிகள் தத்தித் தத்தி நகர்ந்து, போகத் தலைப்பட்டன. "இருங்க," என்றாள். நின்றன.

அந்த வாரம்போல் அவ்வளவு சந்தோஷமாக அவளை யாரும் பார்த்ததில்லை. பிரபுவுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். கடைக்குப் பின்னாலிருந்த சந்தில் குருவிகள் விரும்பித் தின்னும் முள்ளுப்பழங்களைப் பறித்துவந்து போட்டு, தனியாக நின்று, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். குருவிகள் வந்தன. பிறகு இன்னும் இரண்டு வந்தன. இவை தர்ஷினியைத் தேடி வரவில்லை. தன்னைத் தேடி, தன்னை மட்டும் தேடி, அவ்வளவு பெரிய வெட்டவெளியைத் தாண்டி வந்திருந்தன. அவள் வாயை மூடினால் அவை போய்விடும் என்று தெரியும். அவை போக வேண்டிய இடமும் தெரியும். ஆனாலும் பேசினாள்.

ஒருநாள் சந்தில் இறகுகள் கிடந்தன. பஸ் ஸ்டாண்டுப் பூனை குட்டி போட்டிருந்தது. கலைமதி இறகுகளைப் பொறுக்கிப் பழைய மருந்து அட்டைப்பெட்டியில் போட்டுப் புதைத்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து கடையைத் திறந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் குருவிகளை மற்றவர்களும் பார்த்துவிட்டார்கள். ஊருக்குள் சிரிப்பான் வருகிறது என்றால் யாரோ பேசுகிறார்கள் என்று அர்த்தம். யார் பேசியிருக்க முடியும்?

"ரகசியமாப் பேசுறா போலிருக்கு," என்றார்கள். "பேசிப் பழகின வாய். எம்புட்டு நாளைக்கு அடங்கும்?" பேரிக்காய் கொண்டுவந்தவர்கள் பார்க்காததுபோல் போனார்கள். கோகுல் சுவருக்கு அந்தப் பக்கம் கத்துவது கேட்டது. "சத்தியமாச் சொல்லு, பேசினியா இல்லையா? குளிக்கிறப்பப் பாடினியா?" பதில் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. அவள் தலையை ஆட்டியிருப்பாள்.

அந்த மௌனத்தைச் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்ற கலைமதிக்கு முதலில் வந்தது இனிப்பு. அதை அவள் பிறகு மறுக்கவில்லை. இனிப்பு போன பிறகுதான் மற்றது வந்தது.

கூட்டுறவுச் சங்கத்து மைதானத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பனி விலகிய பளிச்சென்ற காலை. தர்ஷினி ஒரு ஓரமாக நின்றாள். பெட்டி கட்டிவிட்டாள் என்றும், கீழே திண்டுக்கல்லில் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள் என்றும், அவள் போன பிறகும் குருவி வந்தால் தன் மனைவிமேல் தப்பில்லை என்று ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றும் கோகுல் சொன்னான்.

"வராட்டி?" என்றார் ஒருவர்.

"வராட்டி அவ திரும்பி வரமாட்டா. போதுமா?"

தர்ஷினி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் அப்படிச் சொல்வான் என்று அவளுக்குத் தெரியாது போலிருந்தது.

கலைமதி முன்வரிசையில் பிரபுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பேசாமலே இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் காலியாகிவிடும். பிறகு குருவிகள் தன்னோடு இருக்கும், பூனை விட்டு வைத்தவை. அவள் எழுந்தாள்.

"அவ பேசல," என்றாள். பிறகு சத்தமாக, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "அவ பேசல! நான்தான் பேசினேன்," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. "என்ன கலை ஒளர்ற?" என்று பிரபு அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். அவள் பேசிக்கொண்டே நின்றாள், ஆய்வகம், கடைசித் தட்டு, மின்சாரம் போன மதியம் என்று. அவள் சொல்லி முடிப்பதற்குள் குருவிகள் வந்துவிட்டன. கடைத்தெருக் கூரைகளைத் தாண்டித் தாழப் பறந்து வந்து, அவள் காலடிப் புல்லில் இறங்கி, அவளை அண்ணாந்து பார்த்தன.

டாக்டர் ஷப்னம்தான் முதலில் அருகில் வந்தார். "வாயை மூடுங்க," என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு சொல்லை யாரும் கேட்டதில்லை. "இனிமே ஒரு வார்த்தை பேசாதீங்க."

அதன்பிறகு கோடாங்கலில் பேசாத பெண்கள் இருவர். கலைமதிக்கு யாரும் பேரிக்காய் கொண்டுவரவில்லை. மருந்துக்கடைக்கு வந்தவர்கள் அவளுடைய கிசுகிசுப்பைக் குனிந்து கேட்டுவிட்டு, முகம் கொடுக்காமல் போனார்கள். அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்க்காதது வேறொன்று.

அவளுடைய குருவிகளையும் வட்டப்பாறையில் தங்கவைக்க வேண்டும். அதற்கு அவள் குரலைப் பதிந்து அங்கே ஒலிக்கவிட வேண்டும். டாக்டர் ஷப்னம் கேட்டார், "முட்டைங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"சும்மா. கொஞ்சினேன்," என்று கிசுகிசுத்தாள் கலைமதி.

கொஞ்சிப் பேசியே பதிந்தார்கள். தங்கங்களா, வாங்க, இதுதான் உங்க வீடு என்று. வட்டப்பாறையின் மேற்கு விளிம்பில் அதை ஒலிக்கவிட்டார்கள். குருவிகள் வந்தன, தலையைச் சாய்த்துக் கேட்டன, கிளம்பிப் போய்விட்டன.

"நேர்ல நீங்க எதப் பேசினாலும் வரும்," என்றார் டாக்டர் ஷப்னம். "பதிவு அப்படி இல்ல. முட்டைக்குள்ள கேட்ட அதே பேச்சு, அதே ஏத்த இறக்கமா இருந்தாதான் அதுக்கு வீடு. தர்ஷினி விஷயத்துல நம்மகிட்ட அசல் பதிவே இருந்துச்சு. உங்களோடது இல்ல. கலைமதி, கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. நிஜமாவே கொஞ்சினீங்களா?"

"இல்ல," என்று கிசுகிசுத்தாள் கலைமதி.

வானொலி நிலையத்தின் பதிவறை, சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய சிறு அறை. கதவைச் சாத்தினால் உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. அதில் கருவிகளை இயக்கத் தெரிந்தவள் தர்ஷினி. அவள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். கலைமதி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வாங்கக்கா. இங்க பேசலாம்," என்றாள் தர்ஷினி.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட அந்தக் குரல் துரு ஏறாமல் அப்படியே இருந்தது. கலைமதி உள்ளே வந்து மைக்கின் முன் உட்கார்ந்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"அவ ரேடியோவுல வணக்கம்னு ஒரு வார்த்த சொல்லுவா," என்று ஆரம்பித்தாள், மேசையைப் பார்த்துக்கொண்டு. "ஊரே சந்தோசமாச் சிரிக்கும். நான் இந்தக் காட்டுக்காக ரோட்டுல அடி வாங்கினேன். எவனும் சிரிக்கல. அவ பேசினா என் புருசன் ரேடியோவச் சத்தமா வைக்கிறான். நான் பேசினா மெதுவாப் பேசுங்கிறான். அவளுக்குச் சிரிப்பானுக்கும் சின்னான் குருவிக்கும் வித்தியாசம் தெரியாது..."

விளக்கு அணைந்தது.

"அக்கா, ஒப்பிக்கிற மாதிரி இருக்கு," என்றாள் தர்ஷினி. "குருவி நம்பாது. அன்னிக்கு எப்படிச் சொன்னீங்களோ அப்படிச் சொல்லுங்க."

"நீ எதிர்ல உக்காந்திருக்க. எப்படிடீ சொல்றது?"

 தர்ஷினி நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

இந்த முறை வந்துவிட்டது. முதல் வாக்கியத்தில் குரல் நடுங்கியது, இரண்டாவதில் எகிறியது, அதற்கப்புறம் கலைமதிக்கு அறையும் தெரியவில்லை, மைக்கும் தெரியவில்லை. உங்களுக்கும் அவதான் வேணுமா, முட்டைக்குள்ள இருக்கிற உங்களுக்குக்கூடவா என்று முடித்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. தர்ஷினியின் கழுத்து அசையவில்லை. விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்.

"நல்லா வந்திருக்கு. அந்தச் சின்னான் விசயம் மட்டும் சரியில்ல. இப்ப எனக்கு வித்தியாசம் தெரியும்க்கா."

"எப்பயிருந்து?"

"பேசாம இருக்கிறப்ப வேற என்ன வேல? கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்." இப்போதுதான் அவள் திரும்பினாள். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் குரல் தெளிவாகவே வந்தது. "எம்மேல இம்புட்டு வச்சுக்கிட்டு, ஒருநாள் மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லக்கா? நானும் நாலு கேட்டிருப்பேன். எங்கிட்டயும் இருக்கு."

"என்ன இருக்கு உங்கிட்ட?"

"உக்காருங்க, சொல்றேன்."

வட்டப்பாறையின் மேற்கு விளிம்பில் அந்தப் பதிவு ஒலிக்கத் தொடங்கிய வாரமே கலைமதியின் குருவிகள் அங்கே தங்கின. கிழக்கு விளிம்பில் தர்ஷினி பனிமூட்டம் பற்றி அறிவித்துக்கொண்டிருக்க, மேற்கில் ஒருத்தி தன் ஓரகத்தியைப் பற்றிக் குமுறுவதைக் கேட்டு, மலையேற வருபவர்கள் திடுக்கிட்டு நின்றார்கள். அந்தக் குமுறலுக்குப் பக்கத்துப் புதரில் சிரிப்பான்கள் கூடு கட்டின.

இருவரும் வாய்விட்டுப் பேச மலையில் இருந்தது அந்த மெத்தைச் சுவர் அறை ஒன்றுதான். சந்தை நாட்களில், மதியச் சாப்பாடு ஆனதும், ஓரகத்திகள் இருவரும் ஆளுக்கொரு குடையோடு வானொலி நிலையத்துக்குள் நுழைவதையும், பதிவறைக் கதவு சாத்தப்படுவதையும் ஊர் பார்த்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. சமாதானமாகிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.